நான்கு சக்கரத்துக்கும் பங்கு பிரிக்கும் பெட்டி

பேராக்கின் தோட்டச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சுங்கை சிப்புட் பக்கம், பத்து காஜா பக்கம், ஒரு காலத்தில் பால்மரம் நின்று இன்று செம்பனை நிற்கும் நிலங்களுக்கு நடுவே செம்மண் சாலை வளைந்து ஏறும். வெயிலில் அது கல்லைப் போல இறுகிக் கிடக்கும். பிற்பகல் மழை ஒரு மணி நேரம் கொட்டினால் சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும். அந்த ஏற்றத்தில் ஒரு கார் நின்றுவிட்டால், பின்சக்கரங்கள் சுழலும், சேறு பறக்கும், கார் மட்டும் நகராது. தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது, எஞ்சினில் வலு இருக்கிறது. பிறகு ஏன் நகரவில்லை?

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். காரின் நிறை 1,500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தூரத்துக்கு 2 மீட்டர் உயரும் சரிவு. புவியீர்ப்பு அந்தக் காரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 2,900 நியூட்டன். இதைவிட அதிக விசையில் டயர்கள் தரையைத் தள்ளினால்தான் கார் ஏறும். சேற்றில் உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். காரின் எடையில் பாதி பின்சக்கரங்களின்மேல் இருக்கிறது என்றால், அவற்றால் தள்ளக்கூடிய அதிகபட்ச விசை சுமார் 2,150 நியூட்டன். 750 நியூட்டன் குறைகிறது. எஞ்சின் 100 குதிரைத்திறனானாலும் 500 குதிரைத்திறனானாலும் இந்தக் குறை தீராது, ஏனென்றால் எல்லையை வகுப்பது தரைதான். ஆனால் நான்கு சக்கரங்களும் தள்ளினால் காரின் முழு எடையும் உதவிக்கு வருகிறது. சுமார் 4,300 நியூட்டன் கிடைக்கும். கார் ஏறிவிடும்.

நான்கு சக்கர இயக்கத்தின் பயன் இவ்வளவுதான். பந்தயத்தில் பறக்கும் காரானாலும் தோட்டத்து ஜீப்பானாலும் கணக்கு ஒன்றே. அப்படியானால் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டிவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

வீட்டில் தோட்டத்து வாழ்க்கையை அறிந்த தாத்தா இருந்தால், பழைய லேண்ட்ரோவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் மஞ்சள் தலை வைத்த ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்தினால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் அருமையாக ஓடும். அதே நிலையில் தார்ச்சாலைக்கு வந்து குறுகலாகத் திருப்பினால் ஸ்டியரிங் கனக்கும், வண்டி பிடித்துப் பிடித்து இழுக்கும், டயர் முனகும். ஓட்டுநர் குமிழை விடுவித்தால்தான் அது வழிக்கு வரும். இந்தப் பிடிவாதத்துக்கு என்ன காரணம் என்று புரிந்துகொண்டால், நாம் பேச வந்த பெட்டியின் முக்கால்வாசி வேலை புரிந்துவிடும்.

கார் திரும்பும்போது நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு வட்டங்களில் ஓடுகின்றன. முன்சக்கரங்கள் வெளியே அகன்ற வட்டத்திலும், பின்சக்கரங்கள் உள்ளே சின்ன வட்டத்திலும் போகும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர் என்றும், பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பைத்தகரஸ் தேற்றத்தைப் போட்டால் முன் அச்சின் ஆரம் 5.64 மீட்டர் என்று வரும். அதாவது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட ஏறத்தாழ 13 சதவீதம் அதிகமாகச் சுழன்றாக வேண்டும். இரண்டையும் பூட்டி வைத்தால் அந்த 13 சதவீதத்துக்கு வழியில்லை. சேற்றில் டயர் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் அடம்பிடிக்கும். அதே கார் 50 மீட்டர் ஆரமுள்ள அகன்ற வளைவில் போனால் வேறுபாடு வெறும் 0.14 சதவீதம். வளைவு குறுகக் குறுகத்தான் சிக்கல்.

இதற்குப் பழைய தீர்வு, நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வைப்பது. முன்னும் பின்னும் தத்தம் வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கும். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு பக்கம் சேற்றில் வழுக்கிச் சுழல ஆரம்பித்தால், எஞ்சினின் வலு எதிர்ப்பில்லாத அந்தப் பக்கமே ஓடிப்போய்விடும். நம் நாட்டில் 1998-இல் வந்த பெரோடுவா கெம்பாராவில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட ஒரு சுவிட்ச் இருந்தது இதற்காகத்தான். பூட்டுவதா விடுவதா என்பது ஓட்டுநரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை ஒரு மின்னணுப் பெட்டியிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புகழ்பெற்ற விடை, 1989-இல் நிசான் வெளியிட்ட ஸ்கைலைன் ஜிடி-ஆர். ஆர்32 என்பது அதன் உட்பெயர். சாதாரண நேரத்தில் அது பின்சக்கரக் கார். முன்சக்கரங்களுக்குப் போகும் வழியில் எண்ணெயில் ஊறிய பல தகடுகள் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கிறது. தகடுகளை எண்ணெய் அழுத்தத்தால் எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவு முறுக்குவிசை முன்னே போகும். பூஜ்யத்திலிருந்து பாதி வரை போகலாம். நான்கு சக்கரங்களின் வேகம், முன்பின் முடுக்கம், பக்கவாட்டு முடுக்கம் ஆகியவற்றைப் படித்து, எவ்வளவு நெருக்க வேண்டும் என்று ஒரு கணினி முடிவெடுக்கும். முன்னே எவ்வளவு போகிறது என்று காட்டத் தனியாக ஒரு முள்மானிகூட அதில் இருந்தது. 1990 முதல் 1993 வரை ஜப்பானியச் சுற்றுலாக் கார் பந்தயத்தில் அந்த வகைக் கார் 29 பந்தயங்களில் 29-இலும் வென்றது. 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் பந்தயத்தையும் வென்றது. ஆஸ்திரேலியர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் காட்ஸில்லா.

நம் கதைக்கும் இதில் இடமுண்டு. 2002-இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி போட்டியில் மலேசியரான கரம்ஜிட் சிங் வாகை சூடினார். பக்கத்தில் அமர்ந்து வழி சொன்னவர் ஆலன் ஓ. அவர்கள் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், மிட்சுபிஷி லான்சர் எவலூஷனின் வழிவந்த நான்கு சக்கர இயக்கக் கார். கரம்ஜிட் ஆசிய பசிபிக் ராலி பட்டத்தையும் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். இந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் சாதாரண புரோட்டோன் வீராவுக்குள் எவலூஷனின் உறுப்புகளைப் பொருத்திப் பார்த்தது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களை நம் பட்டறைகளில் ‘ஹாஃப் கட்’ என்பார்கள். அவற்றிலிருந்து எஞ்சினும் கியர்பெட்டியும் கிடைத்துவிடும். கியர்பெட்டிக்குக் கட்டளையிடும் கணினியும் அதன் கம்பிகளும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை.

வீட்டிலேயே கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் எண்ணம் பிறப்பது இங்கேதான்.

ஏன் சுபாருவின் கியர்பெட்டி?

வீட்டில் செய்பவர்கள் உலகெங்கும் அதிகம் கைவைப்பது சுபாரு இம்ப்ரேசா எஸ்டிஐ வகையின் நடு டிஃபரன்ஷியலில்தான். அதில் எண்ணெய் அழுத்தம் கிடையாது, மின்காந்தம். சுருளில் மின்னோட்டம் செலுத்தினால் தகடுகள் நெருங்கி, முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு மின்னோட்டமோ அவ்வளவு இறுக்கம். எஸ்டிஐயின் கியர்பெட்டியைச் சாதாரண இம்ப்ரேசாவில் மாற்றிப் பொருத்தியவர்களிடம் சுருளின் இரண்டு கம்பிகள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்குச் சரியான மின்னோட்டம் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். மிக எளிய பெட்டி, கையால் திருகும் ஒரு சக்கரம் மட்டுமே. சுபாருவே ஆரம்பத்தில் ஓட்டுநர் பக்கத்தில் அப்படி ஒரு சக்கரத்தைத்தான் வைத்தது. இரண்டாம் நிலைப் பெட்டி தானே முடிவெடுக்கும். நாம் பார்க்கப் போவது அதை.

முதலில் சுருளைக் கவனிப்போம். அதன் மின்தடை 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓடும். பாதி இறுக்கம் வேண்டுமென்றால் 3 ஆம்பியர் போதும். அதற்காக ஒரு பெரிய மின்தடையை வழியில் வைத்தால் அது சூடாகி ஆற்றலை வீணாக்கும். அதற்குப் பதிலாக மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சால் சுருளை நொடிக்குப் பல நூறு முறை போட்டு அணைக்கிறார்கள். பாதி நேரம் போட்டு, பாதி நேரம் அணைத்தால் சராசரி 6 வோல்ட். சுருள் தன் மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் குணம் கொண்டது, ஆகவே மின்னோட்டம் துண்டு துண்டாக இல்லாமல் ஏறத்தாழச் சமமாக ஓடும்.

அதே குணம்தான் முதல் மாஸ்ஃபெட்டை எரித்துவிடும். சுவிட்சை அணைக்கும் நொடியில் சுருள் தன் மின்னோட்டத்தை விடாமல் ஓட்டப் பார்க்கும். வழி இல்லாததால் மின்னழுத்தம் எகிறும். படிவம் 5 இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் படிக்கும்போது இது வெறும் விதி. பட்டறையில் அது கருகிய வாசனை. சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடைப் பொருத்தினால் அந்த மின்னோட்டம் சுற்றிவர வழி கிடைக்கும். சில சென் விலையுள்ள துண்டு அது. அதை மறந்துவிட்டுப் பெட்டி ‘தானாகவே’ செத்துவிட்டது என்று சொல்பவர்கள் நிறைய.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத சிக்கல், வெப்பம். கியர்பெட்டிக்குள் இருக்கும் சுருள் செம்புக் கம்பியால் ஆனது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். காலையில் 30 பாகையில் 2 ஓமாக இருந்தது, ஓடிச் சூடாகி 90 பாகைக்கு வந்தால் 2.47 ஓமாகிவிடும். அதே 12 வோல்ட் இப்போது 6 ஆம்பியருக்குப் பதில் 4.9 ஆம்பியரைத்தான் ஓட்டும். காலையில் பிடித்த பிடி மதியம் பிடிக்காது. ஆகவே நல்ல பெட்டி எத்தனை வோல்ட் கொடுத்தோம் என்பதோடு நின்றுவிடாமல், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அளந்து பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

எந்த வேறுபாட்டை நம்புவது?

மின்சுற்று இவ்வளவுதான். அதைவிடக் கடினமானது, எப்போது இறுக்குவது என்று முடிவெடுப்பது.

ஒவ்வொரு சக்கரத்தின் அச்சருகிலும் பல் வைத்த ஒரு வளையம் உண்டு, ஏபிஎஸ் பிரேக்குக்காக வைத்தது. ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்கும்போது ஒரு துடிப்பு வரும். வளையத்தில் 48 பற்கள், டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், மணிக்கு 60 கிலோமீட்டரில் நொடிக்கு 400 துடிப்புகள். புதிதாகச் செய்பவர் உடனே நினைப்பது: நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் துடிப்புகளை எண்ணுவோம். எண்ணிப் பாருங்கள், நான்குதான் வரும். ஒன்று தவறினால் 25 சதவீதப் பிழை. 3 சதவீத வேறுபாட்டைத் தேடுகிறவனுக்கு இந்தக் கண்ணாடி உதவாது. மாறாக, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரத்தை அளந்தால் 2.5 மில்லிநொடி வரும். மைக்ரோகன்ட்ரோலரின் கடிகாரம் அதை 2,500 மைக்ரோநொடியாகப் படிக்கும். ஒரு மைக்ரோநொடி தவறினாலும் பிழை 0.04 சதவீதம்தான். அதே கம்பி, அதே உணரி. கேள்வியை மாற்றிக் கேட்டதில் துல்லியம் சில நூறு மடங்கு கூடிவிட்டது. இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வேகம் தெரிந்துவிட்டது. இப்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட 13 சதவீதம் வேகமாகச் சுழல்கின்றன என்று பெட்டிக்குத் தெரிகிறது. முன்சக்கரங்கள் சேற்றில் வழுக்குகின்றனவா? அல்லது ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டுநர் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியிருக்கிறாரா? முதலாவது என்றால் உடனே இறுக்க வேண்டும். இரண்டாவது என்றால் இறுக்கவே கூடாது. இறுக்கினால் அந்தப் பழைய லேண்ட்ரோவரின் பிடிவாதம்தான் திரும்ப வரும். உணரி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தருகிறது.

விடை அதே சக்கரங்களிடம் இருக்கிறது. பின்னால் இடதும் வலதும் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 1.5 மீட்டர் என்றால், 5 மீட்டர் ஆர வளைவில் உள்சக்கரம் 4.25 மீட்டர் ஆரத்திலும் வெளிச்சக்கரம் 5.75 மீட்டர் ஆரத்திலும் ஓடும். வெளிச்சக்கரம் 35 சதவீதம் வேகமாகச் சுழலும். இந்த எண்ணிலிருந்து வளைவின் ஆரத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆரத்திலிருந்து, முன்னும் பின்னும் எவ்வளவு வேறுபட வேண்டும் என்று கணக்கிடலாம். அளந்த வேறுபாட்டிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வழுக்கல். அளந்தது 13, வளைவுக்கு உரியதும் 13, ஆகவே வழுக்கல் பூஜ்யம். சும்மா இரு என்று பெட்டி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

சேற்றில் பின்னால் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால் இந்தக் கணக்கும் ஏமாறும், நேராகப் போகும் காரை வளைவில் போவதாக நினைத்துக்கொள்ளும். அதனால்தான் கவனமாகச் செய்பவர்கள் ஸ்டியரிங்கின் கோணத்தையோ பக்கவாட்டு முடுக்கத்தையோ இரண்டாவது சாட்சியாகக் கேட்கிறார்கள். நிசானும் பக்கவாட்டு முடுக்கத்தைப் படித்தது. அங்கே அதற்கு இன்னொரு பயனும் இருந்தது. கார் வளைவில் வலுவாகத் திரும்புகிறது என்றால் தரையில் நல்ல பிடி இருக்கிறது என்று பொருள், ஆகவே முன்னே அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். திரும்பும் விசை குறைவாக இருந்தும் பின்சக்கரம் வழுக்கினால் தரை மோசம், முன்னே அதிகம் அனுப்பும்.

முடுக்கமானியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சிம்பாங் புலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் கார் மூக்கை நிமிர்த்திப் போகும்போது, புவியீர்ப்பின் ஒரு பங்கையும் அந்த உணரி முடுக்கமாகப் படிக்கும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் சீரான வேகத்தில் போனாலும், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் கார் முந்துகிறது என்று அது சொல்லும். பொய் சொல்லவில்லை, அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

டயரும் ஏமாற்றும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றால் ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வேறுபாடு வரலாம். 310 மில்லிமீட்டர் ஆரத்தில் அது 1.6 சதவீதம். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போதும் முன்னும் பின்னும் வேறு வேகம் என்று பெட்டி காணும். இதற்காகவே சிறு வேறுபாடுகளைக் கண்டுகொள்ளாமல் விட ஓர் எல்லை வைக்க வேண்டும். 3 சதவீதம் வரை அசையாதே, 3 முதல் 10 வரை படிப்படியாக இறுக்கு, 10-ஐத் தாண்டினால் முழுக்க இறுக்கு என்று ஒரு விதி எழுதலாம். எல்லையைக் கூட்டினால் உதவி தாமதமாகும். குறைத்தால் தேவையில்லாத நேரத்தில் இறுகும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது, அந்தக் காரும் அந்தச் சாலையும்தான் சொல்லும்.

தாமதத்தையும் கணக்கில் எடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. பெட்டி யோசித்து, தகடுகள் நெருங்கப் பத்தில் ஒரு நொடி ஆனால் கார் 1.7 மீட்டர் கடந்திருக்கும். இறுக்கியதும் வழுக்கல் நின்றுவிடும். நின்றதும் பெட்டி விடுவிக்கும். விடுவித்ததும் மீண்டும் வழுக்கும். குளியலறையில் சுடுநீர்க் குழாயைத் திருகிச் சுட்டுக்கொண்டு, மறுபக்கம் திருகிக் குளிரில் நடுங்கி, மறுபடியும் திருகுவது போன்ற ஆட்டம் இது. வளைவில் கார் இப்படி ஆடினால் ஓட்டுநருக்கு எதுவும் புரியாது. பொதுவாக இதற்குச் செய்வது, விரைவாக இறுக்கி மெதுவாக விடுவிப்பது.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்னொரு குருட்டுப் புள்ளி. காந்தச் சுருள் வகை வேக உணரி மிக மெதுவான வேகத்தில் துடிப்பே தராது. கார் நிற்கிறதா, ஊர்கிறதா என்று பெட்டிக்குத் தெரியாது. அப்போது வழுக்கலுக்காகக் காத்திராமல், ஓட்டுநர் முடுக்கியை ஆழமாக மிதிக்கிறாரா என்று பார்த்து முன்கூட்டியே இறுக்கி வைப்பார்கள்.

பிரேக் பிடிக்கும்போதோ கதை தலைகீழ். முன்னும் பின்னும் பூட்டிக் கிடந்தால் ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கவனிக்க முடியாமல் தடுமாறும், ஆகவே பிரேக் விளக்கு எரிந்ததும் விடுவிக்க வேண்டும். கைப்பிரேக்குக்கும் அதே விதி. ராலி ஓட்டுநர் குறுகிய வளைவில் கைப்பிரேக்கை இழுத்துப் பின்சக்கரங்களை நிறுத்திக் காரைச் சுழற்றுவார். 2001-இல் வந்த எவலூஷன் 7-இன் மின்னணு நடு டிஃபரன்ஷியல் கைப்பிரேக்கை இழுத்ததும் விடுவித்துக்கொள்ளும். தார், சரளை, பனி என்று மூன்று நிலைகளும் அதில் இருந்தன. செம்மண் சேறு என்று நான்காவது ஒன்று இல்லையே என்று நம்மவர்கள் நினைத்திருக்கலாம்.

பெட்டி செத்துப்போனால்?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்பவர்தான் பெட்டி செய்யத் தகுதியானவர் என்பது என் கருத்து. கம்பி கழன்றுபோகலாம். மழைநீர் புகுந்துவிடலாம். எஞ்சினை முடுக்கும் நொடியில் பேட்டரியின் மின்னழுத்தம் விழுந்து, மைக்ரோகன்ட்ரோலர் தடுமாறி நின்றுபோகலாம். அப்போது கார் எந்த நிலைக்குப் போகும்?

சுபாருவின் அமைப்பு இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. மின்னோட்டம் நின்றால் நடு டிஃபரன்ஷியல் தளர்ந்துவிடும், ஆனாலும் முன்னுக்கும் பின்னுக்கும் வலு போய்க்கொண்டிருக்கும். நிசானில் அழுத்தம் நின்றால் கார் வெறும் பின்சக்கரக் கார் ஆகிவிடும். இரண்டும் ஓட்டக்கூடிய நிலைகள்தான். மோசமானது, பெட்டி உறைந்துபோய் முழு இறுக்கத்திலேயே நிற்பது. அதைவிட மோசமானது, ஈரமான வளைவின் நடுவில் முன்சக்கரங்களின் உதவி சட்டென்று காணாமல் போவது. ஓட்டுநர் ஒரு காரை ஓட்டிக்கொண்டு வளைவுக்குள் நுழைகிறார், வேறொரு காரை ஓட்டிக்கொண்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. அவர் பக்கத்தில் யாரேனும் உட்கார்ந்திருக்கலாம், எதிரே மோட்டார்சைக்கிள் வரலாம்.

ஆகவே நிரலில் சில ஏற்பாடுகள் உண்டு. மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே காவல் கடிகாரம் ஒன்று இருக்கும். நிரல் குறிப்பிட்ட நேரத்துக்குள் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அதைத் தட்டாவிட்டால் அது எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்துவிடும். ஓர் உணரி நம்ப முடியாத எண்ணைக் காட்டினால், உதாரணமாக மூன்று சக்கரங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது நான்காவது பூஜ்யம் என்றால், பெட்டி அதை நம்பாமல், மின்னோட்டத்தை மெல்ல இறக்கி, ஓட்டுநருக்கு ஒரு விளக்கைக் காட்ட வேண்டும். கார் நிறுவனங்கள் இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் செலவிடுகின்றன. வீட்டில் செய்பவர்கள் இதற்குத்தான் குறைந்த நேரம் செலவிடுகிறார்கள். காரின் இயக்க அமைப்பை மாற்றினால் ஜேபிஜே அனுமதி வேண்டும் என்பதும், இத்தகைய பெட்டியை மூடிய பந்தயத் தடத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

உங்கள் மேசையில் ஒன்று

கார் இல்லாமலே இதைச் செய்து பார்க்கலாம். ஆர்.பி.டி. பாடத்தில் மைக்ரோகன்ட்ரோலரைத் தொட்டவர்களுக்கு அர்டுயினோ பலகை புதிதாக இருக்காது. இரண்டு சிறிய பொம்மை மோட்டார்களை எடுத்து, ஒன்று முன் அச்சு, மற்றது பின் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தண்டிலும் கெட்டி அட்டையில் வட்டமாக வெட்டி ஓரத்தில் பல் போட்ட ஒரு தட்டைப் பொருத்துங்கள். பல்லுக்கு இருபுறமும் ஒளி அனுப்பும் டையோடும் ஒளி உணரியும் வைத்தால் துடிப்பு கிடைக்கும். கியர்பெட்டிச் சுருளுக்குப் பதிலாக ஓர் எல்இடி விளக்கு. அது பிரகாசமாக எரிந்தால் முழு இறுக்கம், அணைந்தால் தளர்வு.

முதலில் துடிப்பை எண்ணும் முறையில் நிரல் எழுதுங்கள். பிறகு துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரத்தை அளக்கும் முறையில் மாற்றி எழுதுங்கள். இரண்டு மோட்டார்களையும் ஒரே வேகத்தில் ஓட விட்டு எண்களைக் குறித்துவைத்தால், முதல் முறையில் அவை எவ்வளவு துள்ளுகின்றன என்று தெரியும். உங்கள் அட்டைப் பற்கள் ஒரே அளவில் இருக்காது, ஆகவே இரண்டாம் முறையிலும் ஒரு சீரான ஆட்டம் வரும். ஒரு முழுச் சுற்றின் சராசரியை எடுத்தால் அது மறையும், ஆனால் பதில் அவ்வளவு நேரம் பிந்தும். அடுத்து ஒரு மோட்டாரின் தண்டை விரலால் லேசாகத் தொட்டு வேகத்தைக் குறையுங்கள். விளக்கு எரிய வேண்டும். விரலை எடுத்ததும் சட்டென்று அணையாமல், மெல்ல மங்க வேண்டும்.

கடைசியாக, திருகினால் மின்தடை மாறும் ஒரு சிறு குமிழைச் சேர்த்து அதை ஸ்டியரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழ் திரும்பியிருக்கும்போது முன் மோட்டார் 13 சதவீதம் வேகமாக ஓடினாலும் விளக்கு எரியக் கூடாது, நேராக இருக்கும்போது அதே வேறுபாட்டுக்கு எரிய வேண்டும். நண்பர் ஒருவரிடம் குமிழையும் மோட்டாரையும் கொடுத்து, உங்கள் பெட்டியை ஏமாற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஏமாற்றிவிடுவார். எப்படி ஏமாற்றினார் என்று எழுதி வையுங்கள், அடுத்த நிரலை அங்கிருந்து தொடங்கலாம்.